நாய்க்குத் தண்ணீர், தொழுகைக்கு மண்ணா?



கடந்த பிப்ரவரியில் எங்களைச் சார்ந்த ஒருவர் எடுத்த படம் ஒன்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் சுற்றியது. படத்தின் இடப்பக்கத்தில் செந்நிற நாய் ஒன்று தகரக் கிண்ணத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. வலப்பக்கத்தில் இருவர் மணலில் உள்ளங்கைகளைப் பதித்துத் தயம்மும் செய்துகொண்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்துவிட்டன. நாங்கள் பெரிதும் மதிக்கும் பெரியவர் ஒருவர் குரல்பதிவே அனுப்பியிருந்தார். "நாய்க்குத் தண்ணீர், தொழுகைக்கு மண்ணா? வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளுக்கு மார்க்கமும் மணலோடு போய்விட்டதா?" என்பது அவருடைய கேள்வி. இளைஞர் சிலர் இன்னும் சூடாக எழுதியிருந்தார்கள். அவற்றை இங்கே எடுத்தெழுத நாங்கள் விரும்பவில்லை.

பெரியவர் கேட்டது கேள்வியாக இருப்பதால் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

ஷார்ஜாவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் மலீஹா இருக்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம் அது. அங்குள்ள குன்றுகளில் சிப்பிகளின் கற்படிவங்களை இன்றும் காணலாம். அருகிலுள்ள ஜபல் ஃபாயாவில் 125,000 ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் கூடாரமடித்துத் தங்குவோர் பலர். நாங்கள் ஐவர் இரண்டு வண்டிகளில் போனோம். அத்தைத் பகுதியில் ஒரு பேரீச்சந் தோட்டத்தைக் கவனித்துவரும் நண்பர் தம் தோட்டத்துக் காவல் நாயையும் உடன் அழைத்துவந்தார். அதன் பெயர் செவலை.

இரவு நன்றாகவே கழிந்தது. பாலையின் குளிரை நம் ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. போர்வைக்குள்ளும் விரல்கள் விறைத்தன. இரண்டு மணியளவில் செவலை குரைத்து எங்களை எழுப்பியது. அவிழ்ந்துவந்த ஒட்டகங்கள் மூன்று எங்கள் கூடாரக் கயிற்றுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தன. சுபுஹு தொழுதுவிட்டுக் குன்றை நோக்கி நடந்தோம். காலையில் மணல் குளிர்ந்திருந்தது. வழியெங்கும் வன்னி மரங்கள். அமீரகத்தின் தேசிய மரமாக இவர்கள் போற்றும் காஃப், நம் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்கும் அதே வன்னிதான் என்பதை அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

திரும்பும் வழியில்தான் சோதனை. ஒரு வண்டி மணலில் அச்சு வரை புதைந்தது. அதை இழுக்க முயன்ற மற்றொன்றும் புதைந்தது. அந்தக் குலுக்கலில் இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன் சாய்ந்து, மூடி கழன்று, பாதிக்குமேல் மணலுக்குள் போயிற்று. போத்தல்களில் இருந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐவருக்கும் நாய்க்குமாக ஒன்பது லிட்டர் தேறியது. தார்ச்சாலை ஆறு கிலோமீட்டருக்கு அப்பால். உதவிக்கு வருவதாகச் சொன்ன நண்பர் எப்போது வந்து சேர்வார் என்பது அப்போது உறுதியாகத் தெரியாது. லுஹர் நேரம் வந்துவிட்டது.

ஒருவர் உளூச் செய்யப் போத்தலைத் திறந்தார். எங்களுள் மூத்தவர், மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதியவர், அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "தண்ணீர் தாகத்துக்கு வேண்டும். நமக்கும் வேண்டும், அதற்கும் வேண்டும். நாம் தயம்மும் செய்வோம்" என்றார். 'அதற்கும்' என்று அவர் சுட்டியது செவலையை. அது வண்டியின் நிழலில் நாக்கைத் தொங்கவிட்டு விலா அதிர மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எடுக்கப்பட்டதுதான் அந்தப் படம்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். நாய்க்குத் தண்ணீர், தொழுகைக்கு மண்ணா?

ஆம், அப்படித்தான். இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. தண்ணீர் இருந்தும் தாகத்துக்கு அஞ்சுபவர் தயம்மும் செய்யலாம் என்ற சட்டத்தை விளக்கும் இடத்தில், அந்தத் தாகம் அவருடைய நாயின் தாகமாக இருந்தாலும் சரியே என்று ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'அத்துர்ருல் முக்தார்' வெளிப்படையாகச் சொல்கிறது. வழித்துணையாக வருபவரின் தாகத்தையும் அது அதே மூச்சில் சேர்க்கிறது. அப்போதைய தாகம் மட்டுமன்றிப் பின்னர் ஏற்படக்கூடிய தாகமும் கணக்கில் வரும். ஷாஃபிஈ நூல்கள் 'கண்ணியத்திற்குரிய உயிர்' என்னும் சொல்லை ஆள்கின்றன. அத்தகைய உயிரின் தாகத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் உளூவை விட்டுத் தயம்முமுக்கு வர வேண்டும். கடித்துக் குதறும் நாயை அந்த வரம்பிலிருந்து விலக்கினார்கள். பயன் தரும் நாயை விலக்கவில்லை. நாய் முழுவதையும் கடும் நஜீஸ் என்று கூறும் அதே மத்ஹபு இது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதன் உமிழ்நீரை ஏழு முறை கழுவச் சொன்ன இமாம்கள், அதன் உயிரைத் தண்ணீரின்றிப் போகவிடச் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு ஏன் தெரியாமற்போயிற்று?

நஜீஸ் என்பது கழுவுவது பற்றிய சட்டம். வெறுப்பதற்கான சட்டம் அன்று. நம் உடம்பில் ஓடும் இரத்தமும் வெளிப்பட்டால் நஜீஸ்தான். அதற்காக இரத்தம் வடிய விழுந்து கிடப்பவரை யாரேனும் தாண்டிப் போவார்களா?

முகாமில் நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். குழுமத்தில் ஒருவர் "எல்லாரும் ஒரே பாத்திரத்தில் நக்கியிருப்பார்கள்" என்று எழுதியிருந்தார். செவலைக்குத் தனிக் கிண்ணம், தனி விரிப்பு. இரவில் கூடாரத்துக்கு வெளியே, காற்றுப் படாத பக்கத்தில் கட்டியிருந்தோம். தொழுமிடம் இருபதடி தள்ளி இருந்தது. அதன் வாய் பட்ட பாத்திரம் எங்களுடையதானால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் என்ற ஹதீஸை அறிவோம். பாலையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. எங்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மூவர். ஈரமின்றி உலர்ந்த நிலையில் பட்டால் அசுத்தம் ஒட்டாது என்பது அவர்கள் ஓதிய சட்டம். ஹனஃபீகள் இருவருக்கு அதன் உமிழ்நீர்தான் விலக்கு. மாலிகீ மத்ஹபிலோ உயிருள்ள நாய் தூய்மையானதே. வேட்டை நாய் பிடித்துவந்ததை உண்ண அல்லாஹ் அனுமதித்தான் (5:4), அதைக் கழுவச் சொல்லவில்லையே என்பது அவர்கள் காட்டும் ஆதாரங்களுள் ஒன்று. அமீரகத்தில் மாலிகீ மத்ஹபுக்கு நீண்ட வேர் உண்டு. இந்நாட்டு முதியவர்கள் தம் ஸலூக்கி நாயை மடியருகே அமர்த்திக்கொள்வதைக் கண்டு நம்மவர்கள் முகம் சுளிப்பதற்குமுன் இதையும் சற்று ஓதிப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நாங்கள் மறைக்கப்போவதில்லை. வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றின் தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஒரு கீராத் என்றும் இரண்டு என்றும் அறிவிப்புகள் உள்ளன. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் ஸஹீஹானதே. இவற்றை வளைத்து, நெளித்து, இக்காலத்துக்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் நாங்கள் அல்லர். செவலை தோட்டக் காவல் நாய். அது அனுமதிக்கப்பட்ட வகை. பதினான்காவது மாடி அடுக்ககத்தில், வேட்டையோ மந்தையோ வயலோ இல்லாத இடத்தில், பனிநாட்டுக்குப் பிறந்த ஹஸ்கி நாயைக் குளிர்சாதனத்துக்குள் அடைத்துவைத்து, குளிர்காலத்தில் ஒருநாள் மணல்மேட்டில் நிறுத்திப் படமெடுத்துப் போடும் புதுப்பழக்கத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அதைப் பற்றிப் பின்னர் வருகிறோம். ஆனால், வளர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. கண்முன் தாகத்தால் தவிக்கும்போது தண்ணீர் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான ஹதீஸை எடுத்து இரண்டாம் கேள்வியின்மேல் எறிவது கல்வியாகாது.

இரண்டாம் கேள்விக்குரிய ஹதீஸ்கள் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கினார். காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறினார். வாயால் கவ்வினார் என்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம், எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்? அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. கால்நடைகளுக்கு உதவினாலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, ஈரல் ஈரமாக உள்ள ஒவ்வோர் உயிரிலும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். விபசாரியாக வாழ்ந்த பெண் ஒருத்தியும் இதே செயலால் மன்னிக்கப்பட்டாள் என்பது தனி ஹதீஸ். இரண்டும் புகாரியில் உள்ளவை.

வரலாற்றாசிரியர் வாகிதீ ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். மக்கா வெற்றிக்காகப் படை சென்றுகொண்டிருக்கிறது. வழியில் ஒரு நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டியபடி உறுமுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஜுஐல் இப்னு சுராகா என்பவரை அதனருகே நிறுத்தி, படையினர் எவரும் தாய்க்கும் குட்டிகளுக்கும் இடையூறு செய்யாதபடி காவல் காக்கச் சொன்னார்கள். வாகிதீ மீது ஹதீஸ் கலை அறிஞர்கள் வைக்கும் விமர்சனம் கடுமையானது என்பதை அறிவோம். அதனால் இதிலிருந்து சட்டம் எடுக்கவில்லை. இதனைத் தம் நூல்களில் எழுதிவைத்த முன்னோர்களுக்கு இது முரணாகப் படவில்லை என்பதை மட்டும் காட்டுகிறோம்.

அந்த முன்னோர்கள் பாலையை அறிந்தவர்கள். நாயின்றிப் பாலையில் வாழ்ந்ததில்லை. சவூதியின் வடமேற்கில் ஷுவைமிஸ், ஜுப்பா பாறைகளில் கயிறு கட்டிய நாய்களோடு வேட்டைக்குச் செல்லும் மனிதர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எழுத்து தோன்றுமுன் வாழ்ந்தவர்களின் கைவேலை அது. அல்உலா அருகே ஒரு கல்லறையில் மனிதர்களின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் கிடைத்தன, காலம் கி.மு. 4200க்கும் 4000க்கும் இடைப்பட்டது. இஸ்லாமிய காலத்துப் பக்தாதிலோ, பத்தாம் நூற்றாண்டின் இப்னுல் மர்ஸுபான் நாய்களின் சிறப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆடையணிந்த பலரைவிட நாய்கள் மேலானவை என்பது அந்நூலின் தலைப்பு. அத்தலைப்பு எந்தக் குழுமத்துக்குப் பொருந்தும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பாலையில் நாயை அழைத்துச் செல்பவர் ஓர் அமானிதத்தைச் சுமந்து செல்கிறார். நமக்கு வியர்க்கிறது, உடல் குளிர்கிறது. நாய்க்கு அடிப்பாதத்தில் தவிர வியர்வை இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற முடியும். அதற்குத் தண்ணீர் வேண்டும். இருபது கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மணலில் நடந்தால் அதுபோல் இருமடங்கு, மும்மடங்கு. அதன் உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே, புறங்கையை மணலில் வைத்து, ஏழு வினாடி தாங்க முடியவில்லையென்றால் அதை நடத்தக்கூடாது. கருவேல இனத்து முள்ளும் நெருஞ்சியும் பாத இடுக்கில் ஏறும். நிற்கும்போதெல்லாம் கால்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டகமும் ஆடும் கண்ணில் பட்டால் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. அவை பிறர் சொத்து. சினையாடு மிரண்டு ஓடினால் அதற்கு யார் பொறுப்பு? நாங்கள் அன்று போதிய எச்சரிக்கையோடு போகவில்லை என்பதே உண்மை. தண்ணீர் முழுவதையும் ஒரே கேனில் நம்பியது எங்கள் பிழை. பெரியவர் எங்களைக் கண்டித்திருக்க வேண்டியது அதற்காகத்தான்.

செவலை எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். இரண்டாண்டுகளுக்குமுன், ஜூலை மாதம். தோட்டத்துக்கு அப்பால் ஒட்டகப் பட்டியில் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். பதினொரு ஆண்டுகளாக அந்த மணலில் தனியே வாழ்பவர். அவர்தாம் அதைக் கண்டார். கழுத்தில் பட்டை இருந்தது. நான்கு பாதங்களிலும் தோல் உரிந்திருந்தது.

"தம்பி, அது காருக்குப் பின்னாடியே ஓடியிருக்கு. மணல்ல தடம் அப்படியே கெடந்துச்சு. தார் ரோட்டுல டயர்த் தடம் முடியிற எடத்துல படுத்துக் கெடந்துச்சு. எங்கிட்ட வரவே இல்லை. மூணு நாள் அங்கனயே தண்ணி கொண்டுபோய் வச்சேன். யாரோ வருவாங்கன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் எங்களிடம்.

அந்த வண்டி யாருடையது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால், சென்ற ஜூனில், இதே வாட்ஸ்அப் குழுமத்தில், வேலை முடிந்து ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் தம் பிள்ளைகள் ஆசையாக வளர்த்த நாயைப் பாலையில் விட்டுவிட்டு வந்ததாக வெளிப்படையாக எழுதினார். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றும் எழுதினார். மறுப்பு ஒன்றுகூட வரவில்லை. பெருவிரலை உயர்த்திய குறிகள் வந்தன. நல்லபடியாக ஊர் வந்து சேருங்கள் என்ற துஆக்கள் வந்தன. நாங்களும் அந்தக் குழுமத்தில் இருந்தோம். நாங்களும் வாய் திறக்கவில்லை. நாய்க்குத் தண்ணீர் கொடுத்த படத்துக்கு நாற்பது மறுமொழி. தண்ணீரில்லாத இடத்தில் நாயைத் தள்ளிவிட்டுவந்த செய்திக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் நாம் பேண்வதாகச் சொல்லும் மார்க்கம் என்று எவரேனும் நம்மைப் பார்த்துச் சொன்னால் என்ன விடை வைத்திருக்கிறோம்?

பாலைவனம் நாய்க்கு இயற்கையான இடம்தானே என்கிறார்கள். ஜூனில் உள்நாட்டு வெப்பம் 50 பாகையை நெருங்கும் மணலில், பிஸ்கட் தின்று வளர்ந்த பிராணிக்கு எது இயற்கை? பதுவீன்களின் நாயும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கூடாரத்தின் ஓரத்தில், மனிதன் இறைத்த கிணற்றுநீரைக் குடித்துத்தான் வாழ்ந்தது. பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்தானே நரகம் சென்றாள், நாங்கள் அவிழ்த்தல்லவா விட்டோம் என்று சாமர்த்தியமாகப் பேசியவரும் உண்டு. அந்த ஹதீஸைக் கடைசிவரை ஓதவில்லை போலும். அவள் உணவும் தரவில்லை, பூமியின் புழுபூச்சிகளைத் தின்ன விடவுமில்லை என்பதல்லவா குற்றம்? தின்னவும் குடிக்கவும் எதுவுமில்லாத வெளியில் விடுவதற்கும் பூட்டிவைப்பதற்கும் என்ன வேறுபாடு? கதவு மட்டும்தான் இல்லை. அமீரகச் சட்டமும் இதைக் குற்றமென்றே கொள்கிறது.

மனிதன் பசித்திருக்க நாய்க்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பார்கள். அந்த முதுகுளத்தூர்ச் சகோதரரைத் தேடி நாம் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அவருக்கு நோன்புக் கஞ்சியும் ஒரு மூட்டை அரிசியும் கொண்டுபோகும் வழக்கம் எங்களுக்கு ஏற்பட்டதே செவலையின் கதையைக் கேட்கப் போன பிறகுதான்.

பெரியவருக்கு இதன் படியை அனுப்பியிருக்கிறோம். அவர் சுட்டும் பிழையைத் திருத்திக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

இக்கோடையில் ஊர் திரும்புவோர் கவனத்துக்கு: வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அதை ஏற்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பது ஒரு வாரத்தில் நடக்கும் காரியமன்று. தடுப்பூசிச் சான்று வேண்டும். நகராட்சிப் பதிவைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். காவல் நாய் தேவைப்படும் தோட்டங்கள் அத்தைத் பக்கம் உண்டு. எங்கள் நண்பர் இரண்டு இடங்களில் பேசிவைத்திருக்கிறார். ஜூனில் விமானம் என்றால் ஏப்ரலிலேயே சொல்லுங்கள்.